கடற்கரைக்கே வட்டம் போட்ட உலகப்பன்

முன்னொரு காலத்தில், தெருவுக்கு ஒரு ராஜா என்று ராஜாக்கள் மலிந்து கிடந்த காலத்தில், கடலோரத்தில் ஓர் ஊர் இருந்தது. ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். குழந்தைகளே, முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்களே, கொட்டாவி விடுவதாக இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கதை நடுவில் விட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்த ஊர் ராஜா புது அரண்மனை கட்டினார். சுவருக்குப் பூசச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வேண்டும். அதுவரை நாய்கூட முகர்ந்து பார்க்காத கிளிஞ்சலுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. ஒரு கூடை கிளிஞ்சலைச் சூளையில் கொண்டுபோய்க் கொட்டினால் இரண்டு படி அரிசி கொடுத்தார்கள்.

விடிவெள்ளி முளைத்ததும் ஊரே கூடையோடு கரைக்கு வரும். அலை ஒதுக்கியதைப் பொறுக்கும். சண்டை வராமல் இருக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. கிளிஞ்சல் குவிந்த இடத்தைக் கண்டால், குதிகாலால் மணலைக் கீறிச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் இருப்பது வட்டம் போட்டவருக்கு. மற்றவர்கள் தொடமாட்டார்கள். வட்டம் ஒரு முறம் அளவு இருக்கும்; மிஞ்சிப் போனால் ஒரு பாய் அளவு.

உள்ளே குட்டி நண்டோ, துடிக்கிற மீன்குஞ்சோ கிடந்தால், வட்டம் போட்டவர் முதலில் அதை எடுத்துக் கடலில் விடுவார். பிறகுதான் கிளிஞ்சலில் கை வைப்பார். இதுவும் வழக்கம்தான். ஆனால் கை தன் பாட்டுக்குச் செய்கிற வேலை என்பதால் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் பவளாயி என்று ஒருத்தி. அவள் புருஷன் காலில் கட்டுமரம் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. மனுஷன் வீட்டில் படுத்திருந்தான். மூன்று பிள்ளைகள். அவள் கூடை நிறைந்தால் அடுப்பில் கஞ்சி கொதிக்கும். நிறையாவிட்டால் வெந்நீர்தான் கொதிக்கும்.

அதே ஊரில் உலகப்பன் என்று ஒருவன். இரண்டு படகு, நிறைந்த குதிர், நிறைந்த தொந்தி. எல்லாம் இருந்தும், அடுத்தவர் கூடையைப் பார்த்தால் அவனுக்கு வயிறு எரியும். என்ன செய்வது, சில வயிறுகள் அப்படித்தான்.

ஒருநாள் விடிகாலையில் உலகப்பன் ஒரு துடுப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தான். துடுப்பை மணலில் ஊன்றி இழுத்துக்கொண்டே ஓடினான். நெல்லடிக்கும் களம் அளவுக்கு ஒரு வட்டம் போட்டான். நடுவில் நின்று, "உள்ளே இருக்கிறதெல்லாம் என்னுது!" என்றான். பவளாயிக்கு அன்றைக்கு அரைக்கூடைதான் கிடைத்தது.

இரண்டாம் நாள் கோயில் குளம் அளவுக்கு வட்டம் போட்டான். "உள்ளே இருக்கிறதெல்லாம் என்னுது!" என்றான். பவளாயிக்குக் கால்கூடை.

மூன்றாம் நாள், ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து படகுத் துறை வரைக்கும், கரை முழுவதையும் வளைத்து ஒரே வட்டம்! ஓடி முடிப்பதற்குள் அவன் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. ஆனாலும் மூச்சு வாங்கிக்கொண்டே, "உள்ளே... இருக்கிறதெல்லாம்... என்னுது!" என்றான். பவளாயி வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போனாள். அன்று ராத்திரி பிள்ளைகள் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தார்கள். அவள் அழுதாள்.

அன்று பகலிலேயே ஊர்க்காரர்கள் கொதித்துப்போய்த் தலைவரிடம் ஓடியிருந்தார்கள். அவரை நாட்டார் என்று கூப்பிடுவார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் பாதித் தூக்கத்தில்தான் எப்போதும் நியாயம் சொல்லுவார்.

"வட்டம் இவ்வளவு பெருசாப் போடக் கூடாதுன்னு வழக்கத்துல எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டார்.

ஊர் யோசித்தது. இல்லை.

"அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?" என்று சொல்லிப் பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அங்கே இருந்திருந்தால் அந்தப் பாயை உருவியிருப்பேன்.

அன்றிரவு பெரும்புயல் அடித்தது. விடிவெள்ளி முளைத்தபோது காற்று ஓய்ந்திருந்தது. உலகப்பன் கரைக்கு வந்து பார்த்தான். அடடா! கணுக்கால் ஆழத்துக்குக் கிளிஞ்சல்! ஆனந்தத்தில் கீழே எதையும் சரியாகப் பார்க்கவில்லை. துடுப்பை இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். கரை முழுவதும் வட்டம்.

வெளுக்க ஆரம்பித்ததும் ஊர் வந்தது. கடைசியாகப் பவளாயி வந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது கிளிஞ்சல் மட்டும் இல்லை. நட்சத்திர மீன்கள் நெளிந்தன. கடல் அட்டைகள் புரண்டன. குட்டி நண்டுகள் கவிழ்ந்து கிடந்து காலை உதைத்தன. உடம்பில் பட்டால் அரிப்பெடுக்க வைக்கும் இழுதுமீன்கள், ஊர்ப் பேச்சில் சொறிகள், கொழகொழவென்று நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவள் பழக்க தோஷத்தில் குனிந்து ஒரு நட்சத்திர மீனைக் கையில் எடுத்தாள்.

"ஏய், கையை எடு! என் வட்டத்துக்குள்ள திருட வந்தியா?" என்று உலகப்பன் கத்தினான்.

பவளாயிக்குச் சுருக்கென்றது. கையில் இருந்த மீனைப் பார்த்தாள். உலகப்பனைப் பார்த்தாள். மெதுவாக மீனைக் கீழே வைத்தாள்.

"தப்புதான் அண்ணே. நாட்டாரையே வரச்சொல்லிக் கேட்டுக்குவோம்" என்றாள்.

நாட்டாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நிறுத்தினார்கள். பவளாயி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"உள்ளே இருக்கிற கிளிஞ்சல் யாருது அண்ணே?"

"என்னுது!"

"உள்ளே இருக்கிற நண்டு?"

"அதுவும் என்னுது!"

"உள்ளே இருக்கிற சொறி?"

"எத்தனை தடவைடி சொல்றது? எல்லாம் என்னுது! எல்லாம் என்னுது! எல்லாம் என்னுது!"

பவளாயி நாட்டாரிடம் திரும்பினாள். "ஐயா, வட்டத்துக்குள்ள உசிரு கிடந்தா நாம என்ன செய்வோம்?"

"இதென்ன கேள்வி? கடல்ல விடுவோம்."

"யாரு விடுவா?"

"வட்டம் போட்டவன்தான்." சொல்லி முடித்ததும் நாட்டாருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அன்றுதான் முழுசாகக் கண் திறந்தார் என்று ஊரில் பேச்சு. "ஆமாடா உலகப்பா! கடைசி உசிரு கடலுக்குப் போற வரைக்கும் ஒரு கிளிஞ்சலைக்கூட நீ தொடக் கூடாது. மணல் சுடுறதுக்குள்ள முடிச்சிடணும். செத்துப் போச்சுன்னா ஒரு வருஷத்துக்கு நீ கரையில காலே வைக்கக் கூடாது!"

உலகப்பன் சிரித்தான். "நாலு நண்டுதானே?" என்று குனிந்தான்.

முதல் நண்டு கட்டைவிரலைக் கவ்வியது. அதை உதறியதில் இரண்டாவது நண்டு வேட்டிக்குள் போய்விட்டது. அவன் ஆடிய ஆட்டத்தை எந்தக் கோயில் திருவிழாவிலும் யாரும் பார்த்ததில்லை. சொறியை அள்ளினான், கை அரித்தது. அந்தக் கையால் கழுத்தைச் சொறிந்தான், கழுத்து அரித்தது. கழுத்தைத் துடைத்த துண்டால் முகத்தைத் துடைத்தான். அவ்வளவுதான், முகம் பணியாரமாக வீங்கிவிட்டது.

இதில் இன்னொரு தொல்லை. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு இருக்கிறதே, சங்கு நண்டு, அது வெளியே பார்த்தால் வெறும் சங்கு போலவே இருக்கும். ஒவ்வொரு சங்காக எடுத்து, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று அவன் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் அவன் மூக்கைப் பிடித்துப் பதில் சொன்னார்கள்.

வெயில் ஏற ஆரம்பித்தது. உலகப்பன் அலறினான். "ஐயா, வட்டத்தைக் குறைச்சிக்கிறேன்!"

"உன் காலாலே அழிச்சிக்கோ" என்றார் நாட்டார்.

ஓடி ஓடி அழித்தான். கோயில் குளம் அளவுக்குக் குறைத்தான். அதற்குள்ளும் நூறு சொறி. களம் அளவுக்குக் குறைத்தான். அதற்குள்ளும் ஐம்பது நண்டு. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முழங்கை நீளத்தில் கிடந்த ஓர் அழகான சங்கைச் சுற்றி மட்டும் முறம் அளவுக்கு ஒரு வட்டம் போட்டான்.

"இது போதும் சாமி, இது ஒண்ணு மட்டும் என்னுது!"

அவன் அழித்த இடமெல்லாம் பழையபடி ஊருக்கானது. ஆளுக்கொரு சின்ன வட்டம் போட்டார்கள். ஆளுக்கு நாலு நண்டு, நாலு சொறி, இலையால் பிடித்துக் கடலில் விட்டார்கள். பழகிய கைகள் அல்லவா, மணல் சுடுவதற்குள் வேலை முடிந்தது. பவளாயி முதலில் அந்த நட்சத்திர மீனைத் தேடி எடுத்து அலையில் விட்டாள். பிறகு கூடையைக் கிளிஞ்சலால் நிரப்பினாள். இரண்டு படி அரிசி வாங்கி, உலை வைத்து, பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் வயிறு நிறையக் கஞ்சி ஊற்றினாள்.

உலகப்பன் என்ன ஆனான் என்றுதானே கேட்கிறீர்கள்? தன் சங்கின் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் சொறிந்துகொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சங்குக்குக் கால்கள் முளைத்தன. அது எழுந்தது. அவனை ஒருமுறை பார்த்தது. கோட்டைத் தாண்டியது. நேராகக் கடலுக்குள் நடந்து போய்விட்டது.

ஆகவே கேட்டவர்களே, எல்லாம் எனக்கே என்று கோடு போடுகிறவன் அதோடு வரும் பாடும் தனக்கே என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.