மூழ்கும் வட்டில்

நேரத்தைத் தண்ணீரில் அளந்த காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். செம்பு வட்டிலின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டு, அதைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் மெல்ல மெல்ல ஏறும். வட்டில் மூழ்கிவிட்டால் ஒரு நாழிகை ஆயிற்று என்று பொருள்.

அந்தக் காலத்தில், ஆற்றங்கரை இலுப்பைத் தோப்பில் ஆதன் என்றொரு துறவி இருந்தார். ஐம்பத்தைந்து வயது. முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் தோப்பில் அப்படியொரு வட்டிலை மிதக்கவிட்டு, மூன்று நாழிகை தியானத்தில் அமர்ந்தவர். ஆனாலும் ஒரு கேள்வி அவரை விடவில்லை. நான் எதையாவது கண்டேனா, வெறுமனே உட்கார்ந்திருந்தேனா? இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் அரசனின் தச்சர்கள் கோடரியோடு தோப்புக்கு வந்தார்கள். புதிய மண்டபத்துக்கு மரம் வேண்டுமாம். ஆதன் அரண்மனைக்கு ஓடி, மரங்களை விட்டுவிடும்படி வேண்டினார்.

அமைச்சர் சிரித்தார். "முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறீர். அதனால் நாட்டில் யாருக்கு என்ன கிடைத்தது?"

ஆதன் தன்னையே கேட்டுவந்த கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

அரசன் சற்று யோசித்தான். "உம்மிடம் இருப்பது உண்மையானால் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துக் காட்டும். ஏழு குழந்தைகள் ஒரு நாழிகை தியானத்தில் அமரட்டும், தோப்பை நான் தொடமாட்டேன். ஒரு மாதம் தருகிறேன்."

படகோட்டிகளின் பிள்ளைகள் ஏழு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் இளையவள் கொற்றி. வயது ஆறு. உட்காரச் சொன்னால் கேள்வி கேட்பாள். கண்ணை மூடச் சொன்னால் ஒற்றைக் கண்ணை மூடுவாள்.

முதலில் ஆதன் பயத்தைப் பயன்படுத்தினார். "அசைகிற பிள்ளையை இலுப்பை மரத்துப் பூதம் தூக்கிப் போய்விடும்" என்றார். பிள்ளைகள் கல்லாய் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் கீரன் என்ற பையனின் தாய் வந்து நின்றாள்.

"சாமி, புள்ளைகிட்ட என்ன சொல்லி வச்சீங்க? ரெண்டு நாளா தூங்கல. கண்ணை மூடுன்னாலே அழறான். கண்ணை மூடத்தானே இங்க அனுப்புனோம்?"

ஆதனுக்கு வெட்கமாக இருந்தது. பூதத்தை அன்றே விரட்டிவிட்டார்.

அடுத்து எள்ளுருண்டை. அசையாமல் இருந்தால் ஆளுக்கு ஒன்று. பிள்ளைகள் மறுபடியும் அசையாமல் உட்கார்ந்தார்கள். ஆனால் ஏழு மூக்குகளும் எள்ளுருண்டைத் தட்டின் பக்கமே திரும்பியிருந்தன. "சாமி, மூழ்கிடுச்சா? சாமி, இப்போ மூழ்கிடுச்சா?"

மாதம் பாதி போயிற்று. ஒரு மதியம் மற்றவர்கள் ஆற்றில் குளிக்கப் போனபோது, கொற்றி மட்டும் தொட்டியோரம் இருந்தாள். விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு, மிதக்கும் வட்டிலுக்குள் பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"என்ன பார்க்கறே?"

"மெதுவா பேசுங்க சாமி. ஓட்டைல தண்ணி வருது. மணல்ல ஊத்து வர்ற மாதிரி குமிழ் குமிழா வருது. நீங்க பார்த்ததில்ல?"

இல்லை. முப்பது வருஷமாக, வட்டில் மூழ்கிவிட்டதா என்று மட்டுமே அவர் பார்த்திருந்தார். நீர் வருவதை ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் ஏழு பேரையும் தொட்டியைச் சுற்றி உட்கார வைத்தார். "கண்ணை மூட வேண்டாம். இந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள்" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகள் பார்த்தார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார்கள்.

தவணை முடிந்த அன்று அரசன் வந்தான். அமைச்சர் வந்தார். தச்சர்களும் வந்து, கோடரிகளை மரங்களில் சாய்த்து வைத்தார்கள்.

வட்டில் மிதந்தது. ஏழு பிள்ளைகளும் அசையவில்லை. கால்வாசி நிறைந்தது. பாதி நிறைந்தது. முக்கால் நிறைந்தது. மூழ்க விரல்கடை அளவே பாக்கி இருந்தபோது, கொற்றி சட்டென்று எழுந்து வட்டிலுக்குள் விரலை விட்டாள்.

"அசைந்துவிட்டாள்" என்றார் அமைச்சர். தச்சன் ஒருவன் கோடரியை எடுத்தான்.

"ஏனம்மா எழுந்தாய்?" என்று கேட்டான் அரசன்.

கொற்றி விரலை நீட்டினாள். நுனியில் நனைந்த எறும்பு ஒன்று தள்ளாடியது. "உள்ள விழுந்துடுச்சு."

அரசன் ஆதனைப் பார்த்தான். "துறவியே, நீர்தான் ஆசிரியர். இவள் தியானத்தைக் கலைத்தாளா, இல்லையா? உமது சொல்லை ஏற்கிறேன்."

'இல்லை' என்ற ஒரு சொல் போதும், தோப்பு பிழைத்துவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. இதை நான் குழந்தைக்காகச் சொல்கிறேனா, மரத்துக்காகச் சொல்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார் ஆதன். பிறகு தலை குனிந்தார். இவள் கலைக்கவில்லை என்று சொல்ல, இவள் பார்த்ததைத் தானும் பார்த்திருக்க வேண்டுமே.

"அரசே, எனக்குத் தெரியாது. எறும்பு விழுந்ததை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முழங்கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் மரங்களிடம் இருந்தது. இன்று இங்கே தியானத்தில் இல்லாதவன் நான்."

அரசன் அமைச்சரைக் கேட்டான். "நீர் பார்த்தீரா?"

"இல்லை, அரசே. எப்போது மூழ்கும் என்று..."

"நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்." அரசன் தச்சர்கள் பக்கம் திரும்பினான். "கோடரிகளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒருத்தி இங்கே இருக்கிறாள். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். இந்தத் தோப்பு இருக்கட்டும்."

எல்லோரும் போன பிறகு, கொற்றி வட்டிலைக் கவிழ்த்து நீரைக் கொட்டி மறுபடியும் மிதக்க விட்டாள்.

"சாமி, இப்போ நீங்க உட்காருங்க. மூழ்கினா நான் சொல்றேன். நீங்க தண்ணியை மட்டும் பாருங்க."

ஆதன் உட்கார்ந்தார். குமிழ் குமிழாக நீர் வந்துகொண்டிருந்தது. வட்டில் எப்போது மூழ்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே கேட்டவர்களே, அசையாமல் இருப்பதல்ல, விழித்துப் பார்ப்பதே தியானம். அதைக் குழந்தைக்குச் சொல்லித்தர வருகிறவர் முதலில் தாம் பார்க்கப் பழக வேண்டும்.