சங்கிலிமுத்து மீசையைப் பந்தயம் வச்ச கணக்கு

உக்காருங்கப்பா, உக்காருங்க. ஏலேய், முறுக்கு கடிக்கிறதை நிப்பாட்டு. உன் பல்லு சத்தத்துல என் கதை எனக்கே கேக்கல.

சங்கிலிமுத்து அண்ணன் பஸ் டிரைவரு. நாப்பது வயசுல காலேஜ் பரிட்சை எழுதணும்னு டுடோரியல்ல சேந்தாரு. மொதல்ல மீசை உள்ள வரும், பொறவுதான் அவரு வருவாரு. பாடம் எடுக்கிற தேன்மொழி டீச்சருக்கு அவரைவிட வயசு கம்மி. பாடத்துக்கு வெளிய அவங்க வாயைத் தொறந்தா அதிசயம்.

ஒருநா டீச்சர் கணக்கு போட்டாங்க. ஒன்னை எக்ஸால வகுத்து டேன் இன்வர்ஸ் எடுக்கணும். எக்ஸ் சைஃபரை நெருங்க நெருங்க, கோணம் எதை நெருங்கும்?

"தொண்ணூறு டிகிரி!" அண்ணன் ஏர்ஹாரன் அடிச்சாரு. "தப்புன்னா மீசையை எடுத்துர்றேன்!"

வகுப்பே ஓன்னு கத்துது.

டீச்சர் அவரை ஜன்னலுக்குக் கூப்பிட்டாங்க. பக்கத்துக் கட்டடச் சுவரு ஒரே அடி தள்ளி. நம்ம ஊர்ல அப்படித்தானே கட்டுவாங்க.

"எக்ஸ் பத்துல ஒன்னு. வகுத்தா?"

"பத்து."

"கண்ணுக்கு நேரா சைஃபர். அதுக்குப் பத்தடி மேல பாருங்க. பார்வை சாயுற கோணம்தான் டேன் இன்வர்ஸ்."

பாத்தாரு.

"ஆயிரத்துல ஒன்னு?"

"ஆயிரம். சுவரு அம்புட்டு ஒசரம் இல்லியே டீச்சரம்மா."

"இருக்குன்னு வச்சுக்கங்க."

அண்ணாந்த கழுத்து வானத்துக்கே போயிருச்சு. "பாத்தீங்களாடா? தொண்ணூறை முட்டுது!" மீசையை ஒரு முறுக்கு.

"இது சைஃபருக்கு வலப்பக்கம். இப்ப இடப்பக்கம் இருந்து வாங்க. மைனஸ் பத்துல ஒன்னு?"

"மைனஸ் பத்து. பத்தடி கீழ..."

"மைனஸ் ஆயிரத்துல ஒன்னு?"

தாடை நெஞ்சுல இடிச்சுது. நேர் கீழ சாக்கடை.

"மைனஸ் தொண்ணூறு," பூனை மாதிரி சொன்னாரு.

"பிளேடு கொண்டாங்கடா!"ன்னான் ஒருத்தன்.

அண்ணனுக்கு வேர்த்துருச்சு. டிப்போவுல அவரு பேரே மீசைக்காரரு. ஆனா சொன்ன சொல்லு தவறுன ஆளும் இல்ல.

"டீச்சரம்மா, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி, சைஃபர்னு ராசியாப் போயிருவோமே?"

டீச்சர் தலையை ஆட்டிட்டாங்க, இல்லைன்னு. "ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல முட்டுனாத்தான் விடை, இதுக்கு விடையே இல்ல."

அண்ணன் நெஞ்சை நிமித்துனாரு. "வலப்பக்கம் நான் சொன்னது சரிதானே? பாதி ஜெயிச்சவன் மீசையை எவன் தொடுவான்? சொல்லுங்க!"

வகுப்பே டீச்சர் பக்கம் திரும்புச்சு.

டீச்சர் கையில இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டுனாங்க.

"வலப்பக்கம் இருக்கட்டும்ணே. இடப்பக்கத்தை மட்டும் எடுத்துருங்க."