புள்ளியனும் கூட்டுக்காரியும்

மீனும் புழுவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குளிர்ந்த மலையோடை ஒன்றில் புள்ளியன் என்ற டிரவுட் மீன் இருந்தான். அவனுடைய மடுவின் அடியில் ஒரு சின்னப் புழு. வாயிலிருந்து நூல் விட்டு, மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டி, விரல்நுனி அளவுக்கு வீடு கட்டி, அதற்குள்ளேயே குடியிருந்தாள். புள்ளியன் அவளைக் கூட்டுக்காரி என்று கூப்பிடுவான்.

வெள்ளம் வந்தால் அவளுக்குப் பிடிமானம் கிடையாது. கீழே பெரிய அருவி வேறு. புள்ளியனுக்குக் கையா இருக்கிறது? கல்வீட்டோடு அவளை வாயில் கவ்விக்கொண்டு, வெள்ளம் வடியும்வரை பாறை மறைவில் நிற்பான். கல் இருந்ததால் பல் படாது.

"உன் வாய் நாறுது, புள்ளியா" என்று உள்ளேயிருந்து திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்காவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது.

ஒரு நாள் சொன்னாள்: "எனக்குச் சிறகு முளைக்கப் போவுது. மேல போய் எல்லாத்தையும் பாத்துட்டு வந்து உனக்குச் சொல்றேன்."

"வருவியா?"

"வராம எங்க போவேன்? சாயங்காலமானா மேலயே பாத்துட்டு இரு."

கொஞ்ச நாளில் கல்வீடு காலியாகக் கிடந்தது. புள்ளியனுக்கு இரை இறங்கவில்லை. ஏக்கம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. வெயில் தாழ்ந்ததும் ஓடை முழுக்கச் சிறகுப் பூச்சிகள். ஒன்று மட்டும் தாழப் பறந்து வந்தது.

"புள்ளியா, நான்தான்! மேல என்ன இருக்கு தெரியுமா..."

அதற்குள் காற்று அவளைத் தண்ணீரில் தள்ளிவிட்டது. ஓட்டம் அருவிப் பக்கம் இழுத்தது. புள்ளியன் யோசிக்கவே இல்லை. வெள்ளத்தில் எப்போதும் செய்வதைச் செய்தான். பாய்ந்து கவ்விக்கொண்டான். அவளுக்கு இப்போது கல்வீடு இல்லை என்பது நினைவுக்கு வரவில்லை.

பாறை மறைவுக்குப் போய் வாயைத் திறந்தான். யாரும் திட்டவில்லை.

அவள் இல்லை என்பதை அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. நழுவிப் பறந்திருப்பாள், மீதியைச் சொல்ல வருவாள் என்று தினமும் சாயங்காலம் எகிறி எகிறிப் பூச்சிகளைக் கவ்விப் பார்த்தான்.

கரையில் பெள்ளி என்பவன் தூண்டிலில் மண்புழுவைக் கோர்த்துப் போட்டு, மீன் சிக்காமல் உட்கார்ந்திருந்தான். "ஏம்ப்பா, புழுவைச் சீண்ட மாட்டேங்கிற, பூச்சிக்கு மட்டும் இப்படித் துள்ளுறியே?" என்று கேட்டான். யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்த புள்ளியன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மனிதனிடம் போயா சொல்வது! பெள்ளிக்குக் கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. மறுநாள் தூண்டில் முள்ளில் காட்டுக்கோழி இறகைச் சுற்றிக் கட்டி, பூச்சி மாதிரி தண்ணீர்மேல் மிதக்கவிட்டான்.

புள்ளியன் ஆசையாகக் கவ்வினான். அது அவள் இல்லை என்று தெரிந்ததும், பெள்ளி தூண்டிலைச் சுண்டி இழுப்பதற்குள் துப்பிவிட்டான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், பூச்சி கிளம்பும் சாயங்காலங்களில் டிரவுட் மீன் தண்ணீரை விட்டு எகிறுவதும், பொய் இறகைக் கவ்வி இமைப்பதற்குள் துப்புவதும். துப்பத் தாமதித்த மீன் மட்டும், மேலே என்ன இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்கிறது.