முகராத கறிவேப்பிலை

குளிர்சோலை நாதர் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு கல்தொட்டி உண்டு. அதன் அருகே குந்தி, அடிபிடித்த உருளிகளைச் சாம்பலும் புளிச்சக்கையும் இட்டுத் தேய்த்து வந்தவர் வீராயி அம்மையார். அவருக்குப் பதிகம் பாடத் தெரியாது. உச்சிக்காலத்தில் நாதருக்குத் தயிர்சாதம் போகும் உருளி பளபளவென்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கவலை.

மோர்ப்பானையைக் கழுவும் முதல் தண்ணீரை மட்டும் அவர் கீழே கொட்டமாட்டார். ஒரு குடத்தில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார். கணவர் இறந்து, இருந்த ஒரே பசுவும் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது கொல்லையில் நின்ற ஒரு கறிவேப்பிலைக் கன்றுதான். உவர்மண்ணில் மூன்று வருஷம் முழங்கால் உயரத்திலேயே நின்ற அது, கோயில் மோரைக் குடிக்கத் தொடங்கியதும் கூரையைத் தொட்டது. நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைத்தது. நாதர் மோரில் வளர்ந்தது நாதருக்கே என்று, தினமும் விடியலில் ஒரு கூடை பறித்து மடப்பள்ளியில் கொடுத்து வந்தார் அம்மையார்.

பறிக்கும்போது மூக்கை ஒரு துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். நைவேத்தியத்தின் மணத்தை இறைவனுக்கு முன்னால் மனிதர் நுகரக் கூடாது என்று மடப்பள்ளிக்காரர்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு சமைப்பதை அவர் பார்த்திருந்தார். தலைமைச் சமையல்காரர் பஞ்சநதத்துக்கு இது ஒரு வேடிக்கை.

"ஏ வீராயி, அடுப்படியில நிக்கற நான் கட்டிக்கறேன், சரி. மரத்தடியில நிக்கற உனக்கு எதுக்கு? சாப்பிடறவா எல்லாரும் இலையோரத்துல ஒதுக்கற வஸ்துவுக்கு இத்தனை மடி ஆசாரமா?"

"ஒதுக்குறது நாமதானுங்க சாமி. அவரு ஒதுக்குறாரோ என்னமோ, நமக்குத் தெரியுமா?"

"கேட்டுண்டு வந்து சொல்லு! ஆனா ஒண்ணு. உன் இலையால நைவேத்தியத்துக்கு ஒரு குறை வந்துதுன்னா, அன்னியோட உன் கூடைக்கு இந்தக் கதவு திறக்காது."

அம்மையார் சிரித்தபடி உருளிக்குத் திரும்பினார். அவருக்குள் ஓர் ஆசை இருந்ததை யாரும் அறியார். பனி ஈரம் காயாத கொழுந்தை ஒரே ஒருமுறை உள்ளங்கையில் கசக்கி முகர வேண்டும். பசியைக்கூட அவரால் அடக்க முடிந்தது. இதை அடக்குவதுதான் பாடாக இருந்தது. தம் வீட்டு ரசத்தில் அந்த மரத்தின் இலை ஒன்றைக்கூட அவர் போட்டதில்லை. ஆசை எழும்போதெல்லாம் துணியில் இன்னொரு முடிச்சுப் போடுவார். அதில் அவருக்குத் துயரம் இல்லை. வெறும் கையாக நிற்கிறோம் என்று நினைத்திருந்தவருக்கு, கொடுப்பதற்கு ஓர் ஆசையாவது இருக்கிறதே என்று உள்ளூர ஒரு குதூகலம்.

மார்கழித் திருவாதிரையன்று பனி கண்ணை மறைத்தது. முந்தின நாள் காற்றில் பக்கத்து வேப்பமரத்தின் கிளை ஒன்று ஒடிந்து கறிவேப்பிலை மரத்தின் மேல் சாய்ந்திருந்தது. மூக்கைக் கட்டிக்கொண்டு கைப்பழக்கத்தில் பறித்த அம்மையார் அதை அறியவில்லை. திருநாள் அவசரத்தில் பஞ்சநதமும் கூடையைப் பார்க்காமல், கொத்துக் கொத்தாக ஈர்க்கோடு நெய்யில் போட்டுத் தாளித்துத் தயிர்சாதத்தில் கொட்டிவிட்டார். அவர் மூக்கும் கட்டித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த அம்மையார் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கூடையைக் கழுவினார். அடியில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் ரம்பப் பல். வாயில் வைத்தார். கசந்தது.

ஈரக் கூடையோடு ஓடினார். மண்டபத்தை அடையும்போது திரை விழுந்து மணி ஒலித்துக்கொண்டிருந்தது.

"படைக்காதீங்க சாமி! வேப்பிலை கலந்துபோச்சு! எங்கையாலயே அவருக்குக் கசப்பக் குடுத்துட்டேனே!"

பஞ்சநதம் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாவி! நானும் மோந்து பாக்கலையே! போ, இனிமே உன் கூடை இங்கே வரப்படாது!"

மணி நின்றது. திரை விலகியது. உள்ளிருந்து கறிவேப்பிலை மணம் எழுந்து மண்டபத்தை நிறைத்தது; கோயிலுக்கு வெளியே தேர் இழுக்க நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். குருக்கள் பீடத்தைச் சுட்டினார். அங்கே இலை முழுதும் உருவப்பட்ட வேப்பங்குச்சிகள் சில, சாப்பிட்டவர் ஒதுக்கி வைத்தது போலக் கிடந்தன.

பஞ்சநதம் உருளியைக் கிளறிக் கிளறித் தேடினார். கறிவேப்பிலை அப்படியே இருந்தது; வேப்பிலை ஒன்றுகூட இல்லை. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். "துளி கசப்பு இல்லையே!" என்றவர் கைகூப்பினார். "ஆலகால விஷத்தையே முழுங்கினவராச்சே..."

அப்போது எல்லோரும் கேட்க ஒரு குரல் எழுந்தது: "கசப்பை யாம் உண்டோம். மணத்தை அவளுக்கு வைத்தோம். இனி அவள் முகர்ந்து தரும் இலையே எமக்கு வேண்டும்."

தம் ஆசையை ஒருவர் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது மெல்ல மெல்லத்தான் அம்மையாருக்கு விளங்கியது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

"அந்தத் துணியைத் தூக்கி எறிஞ்சுடு தாயே," என்றார் பஞ்சநதம். "போய் மோந்துட்டு வா. நாளைக்கு நீ மோந்த இலைதான் தாளிப்பேன்."

அம்மையார் கொல்லைக்குப் போனார். கைகளால் கிளைகளை வாரி அணைத்து, இலைகளுக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தார். பிறகு அடுப்பு மூட்டி ரசம் வைத்து, நெய்யில்லாமல் வெறும் எண்ணெயில் ஒரு கொத்து தாளித்தார். அந்த ரசம் விட்டுப் பிசைந்த சோற்றில் ஓர் இலையைக்கூட அவர் ஒதுக்கவில்லை; ஒவ்வொன்றாக மென்று தின்றார்.

தம் ஆசையையும் இலையோடு சேர்த்துக் கொய்து இறைவனுக்கு இட்ட வீராயி அம்மையாரின் கைமணம் என்றும் வாழ்க.