எந்த முட்டி போடுவது?

"எது நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன மேடம் குறைஞ்சு போயிடும்?" என்றாள் பூங்கோதை.

மேசைமேல் இரண்டு மாதிரி மூட்டுகள் கிடந்தன. முட்டியின் உள்பக்கம் மட்டும் தேய்ந்துபோனவர்களுக்கு அந்தப் பாதியை மட்டும் மாற்றுவதற்கானவை. மேலே உலோகம், கீழே உலோகம், நடுவே ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஒன்றில் அந்த வில்லை நகரும். மற்றதில் அசையாது. வித்தியாசம் அவ்வளவுதான். சண்டைதான் பெரியது.

பேராசிரியர் செலின் தேநீரை உறிஞ்சினார். எலும்பு அறுவை சிகிச்சையில் பூங்கோதைக்கு அவர்தான் ஆசிரியர்.

"நகர்ற வில்லை சீக்கிரம் தேயாதுங்கிறான் ஒருத்தன், மேடம். காலை ரொம்ப மடக்கினா நழுவிடும்ங்கிறான் இன்னொருத்தன். வருஷக்கணக்கா பார்த்தாச்சு, ரெண்டும் ஒண்ணுதாங்கிறான் மூணாவது ஆள். அப்புறம் எதுக்கு ரெண்டு? விடிஞ்சா சவரிமுத்துவுக்கு ஆபரேஷன். அந்த மனுஷன் காலுக்குள்ள நான் எதை வைக்கிறது?"

"அவர்கிட்ட கேட்டியா?"

இந்த அம்மாளிடம் வந்தால் இப்படித்தான். கேள்விக்குக் கேள்வி.

"அவருக்கு என்ன மேடம் தெரியும்?"

"கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். உங்களுக்கு என்ன வேணும்னேன். 'முட்டி போட்டே ஆகணும் டாக்டரம்மா, இல்லேன்னா பொழப்பு ஓடாது'ன்னார். போடத்தானே போறோம்! எந்த முட்டிங்கிறதுதானே கேள்வி?"

செலின் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ என்ன சொன்னே?"

"கவலையே படாதீங்கண்ணே, கண்டிப்பா போட்டுடலாம்னேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்னு பிடிவாதமா உட்கார்ந்திருந்தவர், உடனே போட்டுக் கொடுத்துட்டார்."

"என்ன வேலை பார்க்கிறார்?"

"தரைக்கு டைல்ஸ் ஒட்டுறார். அதுக்கும் இதுக்கும்..."

செலின் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். புடவையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு முழங்கால்களையும் தரையில் ஊன்றினார். குனிந்து உள்ளங்கையால் தரையைத் தட்டினார். அப்படியே கொஞ்சம் முன்னால் நகர்ந்து, மறுபடி தட்டினார்.

"ஐயோ, என்ன மேடம் இது! யாராவது பார்த்தா நான்தான் உங்களுக்குத் தண்டனை கொடுத்தேன்னு நினைக்கப் போறாங்க. எழுந்திருங்க!"

"நான் என்ன பண்றேன்?"

"என்னத்தைப் பண்றீங்க, முட்டி போ..."

செலின் தரையிலிருந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ம். சொல்லு. நகர்றதா, அசையாததா?"

பூங்கோதை மேசையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"எதை வச்சாலும்... இப்படித் தரையில ஊன்றதுக்கு உத்தரவாதம் கிடையாதே மேடம்?"

"கிடையாது."

அவள் கதவைத் திறந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிட்டு வரேன்."