நான்கு சாவடியும் பூவாயியின் செக்குகளும்

முன்னொரு காலத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கு மற்ற நேரத்தில் யோசனை என்பதே வராது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் தவறாமல் வரும். அப்படி ஒரு சனிக்கிழமை, நல்லெண்ணெய் வழிந்து கண் எரிய, "நம் நாட்டில் மொத்தம் எத்தனை செக்கு இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார்.

கேட்டது ஒரே கேள்விதான். ஆனால் பதில் சொல்ல அந்த நாட்டில் நான்கு சாவடிகள் இருந்தன. மரச் சாவடி, மாட்டுச் சாவடி, சரக்குச் சாவடி, மனைச் சாவடி என்று பெயர். வருஷம் முழுவதும் இந்த நான்கின் எழுத்தர்களும் தனித்தனியாகப் போய், தொழில் செய்கிறவர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டு ஓலையில் எழுதுவார்கள். ஓலை எழுதி முடியும்வரை அந்த இடத்தில் எந்த வேலையும் நடக்கக்கூடாது என்பது வழக்கம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. வழக்கத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தால் ராஜ்யம் நடக்குமா?

அன்று மாலை நான்கு சாவடியும் நான்கு தொகையைக் கொண்டுவந்தன. ஒன்று இருநூறு, ஒன்று நானூறு, ஒன்று அறுநூறு, ஒன்று எண்ணூறு. ராஜாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நான்கு சாவடிக்கும் தலைவராக இருந்தவர் பிரதானி கங்காதரர். அவர் சற்றும் அசரவில்லை. "மகாராஜா, சாவடிகள்மேல் குற்றமில்லை. ஜனங்கள்தான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். சான்று இதோ," என்று கையைக் காட்டினார். கடைத்தெருவில் செக்கு ஓட்டும் பூவாயியைக் காவலர் இருவர் அழைத்து வந்தார்கள். இடுப்பில் செருகிய முந்தானையில் எள்ளுப் பிண்ணாக்கு ஒட்டியிருந்தது. வேலையின் நடுவில் இழுத்து வந்திருக்கிறார்கள்.

"இவள் மரச் சாவடியிடம் இரண்டு செக்கு என்றாள். மாட்டுச் சாவடியிடம் ஒன்று. சரக்குச் சாவடியிடம் மூன்று. மனைச் சாவடியிடம் நான்கு. ஓலைகளைத் தாங்களே பார்க்கலாம்," என்றார் கங்காதரர்.

"சாமி, அவுக கேட்டதுக்குத்தானே நான் சொன்னேன்," என்று பூவாயி தொடங்கினாள். காவலர் அவளை அடக்கினார்கள்.

ராஜா கட்டளையிட்டார்: "ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்பவர் யாராக இருந்தாலும் பொய்யர். எட்டு நாளில் நாடு கடத்தப்பட வேண்டும். அதுவரை இவள் செக்குகள் ஓடக்கூடாது, பிறகு பிடுங்கிவிடுங்கள்."

பூவாயிக்கு அந்தச் செக்குகளை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அவள் அழவில்லை, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்து சபையில் ஒருவனுக்குத்தான் நெஞ்சு வலித்தது. அவன் விகடன் சீராளன். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். ராஜா அவனோடு சிரிப்பதைப் பார்த்து வயிறு எரிவது கங்காதரருடைய உத்தியோகம்.

"மகாராஜா, பூவாயி பொய் சொல்லவில்லை என்று தோன்றுகிறது," என்றான் சீராளன்.

கங்காதரர் இதற்காகத்தான் காத்திருந்தார். "அப்படியானால் நான்கு சாவடியின் எழுத்தையும் சீராளனே ஒன்றாக்கிக் காட்டட்டும். எந்தச் சாவடியையும் விடக்கூடாது, எவர் தேவையும் குறையக்கூடாது. எட்டு நாளில் முடியாவிட்டால் பூவாயியோடு அவனும் எல்லையைத் தாண்டட்டும்," என்றார். ராஜா தலையாட்டினார். எண்ணெய் தேய்த்த நாளில் அவர் எதற்கும் தலையாட்டுவார்.

ஏழு நாள் சீராளன் பூவாயியின் செக்கடியிலேயே கிடந்தான். பிண்ணாக்கு தின்றான், மாட்டோடு பேசினான். கங்காதரர் மகிழ்ச்சியில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

எட்டாம் நாள் காலை, சீராளனும் பூவாயியும் காத்து நின்ற சபைக்கு ராஜா வந்து அமர்ந்ததும் மரச் சாவடி எழுத்தர் ஓலையும் எழுத்தாணியுமாக எதிரே வந்து நின்றார்.

"என்ன இது?" என்றார் ராஜா.

"மகாராஜா, 'ஒரு மனையும் விடுபடாமல் எழுதுக' என்பது தங்கள் முத்திரையிட்ட ஆணை. நாட்டில் எல்லா மனையையும் எழுதியாகிவிட்டது. அரண்மனை மட்டும் விடுபட்டிருக்கிறது. அதை நான்தான் நினைவூட்டினேன்," என்றான் சீராளன்.

ராஜாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சரி என்றார். உடனே வழக்கப்படி அரண்மனையில் வேலைகள் நின்றன. விசிறி வீசியவள் விசிறியைக் கீழே வைத்தாள். மடைப்பள்ளியில் அடுப்பை அணைத்தார்கள்.

"பெயர்?" என்றார் எழுத்தர்.

"என் பெயர் உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும், மகாராஜா. ஓலைக்குத் தெரியாது."

ராஜா பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரையும் சொன்னார்.

"தொழில்?"

"ஆட்சி."

"சொந்தத் தொழிலா, கூலிக்குச் செய்வதா?"

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "சொந்தம்," என்றார்.

"சென்ற மாதம் எத்தனை நாள் தொழில் நடந்தது?"

வேட்டைக்குப் போன நாள், விருந்து நடந்த நாள், சளி பிடித்த நாள் எல்லாவற்றையும் ராஜா மனதுக்குள் கழித்துப் பார்த்தார். "ஒன்பது," என்றார், கொஞ்சம் மெதுவாக.

"தொழிலுக்கு உரிய கருவி?"

"சிம்மாசனம்."

"எத்தனை? மரத்தால் ஆனதை மட்டும் சொல்ல வேண்டும்."

சபையில் இருப்பது, யானை அம்பாரியில் இருப்பது, கால் உடைந்து பரணில் கிடக்கும் பாட்டனாருடையது. "மூன்று," என்றார் ராஜா.

அந்த எழுத்தர் போனதும் மாட்டுச் சாவடி எழுத்தர் வந்தார். "பெயர்?"

"இப்போதுதானே சொன்னேன்!"

"அது மரச் சாவடிக்கு, மகாராஜா."

மறுபடியும் பெயர், தகப்பனார், தொழில், ஒன்பது நாள். நாலுகால் பிராணி சுமக்கும் சிம்மாசனம் எத்தனை என்று கேட்டதற்கு ஒன்று என்றார். மூன்றாவதாகச் சரக்குச் சாவடி. கடந்த ஒரு வருஷத்தில் உபயோகித்தது எத்தனை? இரண்டு. மனைச் சாவடி எழுத்தர் வந்தபோது உச்சி சாய்ந்துவிட்டது, ராஜாவின் வயிறு சபைக்கே கேட்கும்படி பேசியது. மனைக்குள் கிடப்பது எல்லாம் சேர்த்து எத்தனை? தோட்டத்துத் தந்த சிம்மாசனமும் முடிசூட்டும் கல் ஆசனமும் சேர, ஐந்து.

சீராளன் நான்கு ஓலைகளையும் வாங்கி உரக்கப் படித்தான். "சிம்மாசனம் மூன்று. ஒன்று. இரண்டு. ஐந்து." படித்துவிட்டு, "மகாராஜா, எல்லைவரை போக வண்டி கட்டச் சொல்லியிருக்கிறேன். எங்கள் இரண்டு பேரோடு தங்களுக்கும் இடம் இருக்கிறது," என்றான்.

கங்காதரர் பதறி எழுந்தார். "அபசாரம்! மகாராஜா சொன்னது நான்கும் உண்மை. ஒருவர் மரத்தை மட்டும் கேட்டார், ஒருவர் யானைமேல் இருப்பதை மட்டும் கேட்டார். கேட்டவர்கள் வேறு வேறாகக் கேட்டால், பதில் சொன்னவர் என்ன செய்வார்?"

"இதையேதான் நானும் ஏழு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்," என்றான் சீராளன். "பிரதானியாரே, பூவாயிக்கும் இதே நியாயம் உண்டா?"

கங்காதரர் நான்கு எழுத்தர்களையும் திரும்பிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சீராளன் மடியிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுத்தான். "இது பூவாயியின் ஓலை. ஒரே ஒருவர் போய், ஒரே ஒரு முறை கேட்டு எழுதியது. செக்குக்கு ஒரு வரி. மரச்செக்கு, மாடு பூட்டியது, ஓடுகிறது. மரச்செக்கு, தனி மாடு இல்லை, அதே மாட்டை முறைவைத்துப் பூட்ட ஓடுகிறது. கல்செக்கு, அதுவும் அப்படியே. விரிசல் விட்ட கல்செக்கு, ஓடவில்லை, உள்ளே கோழி அடைகாக்கிறது. இதில் மரம் வேண்டுகிறவர் மரத்தை எண்ணிக்கொள்ளட்டும், மாடு வேண்டுகிறவர் மாட்டை எண்ணிக்கொள்ளட்டும். எந்தச் சாவடியும் விடுபடவில்லை. எவருக்கும் குறையவில்லை. ஊர் முழுவதும் இப்படி எழுதினால் நான்கும் ஒன்றுதான்."

மனைச் சாவடி எழுத்தருக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. "அந்த ஓலை எந்தச் சாவடியில் இருக்கும்?"

நான்கு எழுத்தர்களும் ஒரே நேரத்தில் "எங்கள் சாவடியில்" என்றார்கள். நான்கு சாவடியும் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னது அன்றுதான் முதல்முறை. ராஜாவுக்குப் பசியையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "என் சபையிலேயே இருக்கட்டும். சீராளன் பார்த்துக்கொள்வான்," என்றார். தம் தோளில் இருந்த பொன்சரிகைச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். பூவாயி மேல் இருந்த கட்டளையும் அங்கேயே ரத்தானது.

"இன்னும் என்ன வேண்டும், கேள்," என்றார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம், மகாராஜா. பூவாயிக்கு எட்டு நாள் செக்கு நின்றுபோயிற்று. அந்த எட்டு நாளுக்குப் பிரதானியார் அவள் மாட்டை ஓட்டித் தரட்டும்."

ராஜா பூவாயியைப் பார்த்தார். "உனக்குச் சம்மதமா?"

பூவாயி கங்காதரரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வரட்டும், சாமி. மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டு நேராச் சுத்தி வந்தாச் சரி. வாசல்ல நின்னுக்கிட்டு உம் பேரென்னன்னு கேட்டாகன்னா, அந்த நிமிசமே திருப்பி அனுப்பிருவேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கின பிறகு அடுப்பை மூட்டச் சொன்னார். கங்காதரர் எட்டு நாளும் செக்கைச் சுற்றி நடந்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.