பப்பாளிக் குழலில் வந்த பேச்சு

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் விடிவதற்குள் என் மீசை உதிர்ந்து போகட்டும். அத்தனையும் நடந்தது.

ஆற்றங்கரை மடத்தில் ஒரு குரு இருந்தார். மூக்குப்பொடி இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது. அதனால் பொடிச்சாமி என்று பெயர். அவர் காலில் ஒரு நாள் வண்டிக்கார வைரப்பன் வந்து விழுந்தான்.

"சாமி, என்னைச் சீடனா ஏத்துக்கணும்."

"எதுக்கு?"

"என் கையை அடக்க."

மோர்ச்சட்டியைக் கவிழ்த்தாள் என்று ஆறு வயது மகள் பூவாயியை அடித்திருந்தான். பிள்ளையின் தோள் வீங்கிப்போயிற்று. அது முதல் தடவையும் அல்ல. மனைவியின் அண்ணன் வந்து தாயையும் மகளையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். "இன்னொரு அடி விழுந்தா, மாப்பிள்ளை, இவங்க முகத்தையே நீங்க மறந்துடணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணேன் சாமி. கை அதுக்கும் கட்டுப்படல."

"பிள்ளையோட விளையாடியிருக்கியா?"

"நான் அப்பன், சாமி."

"அப்பனைத்தான் கேக்கறேன்."



மறுநாள் சாமி மடத்துப் பப்பாளி மரங்களையெல்லாம் மொட்டையடித்தார். இலைக்காம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீளமாக ஒரு குழல் செய்தார். ஒரு நுனி வைரப்பன் காதில். மறு நுனி, தோட்டத்துச் சுவருக்குப் பின்னால், ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருந்த சாமியின் வாயில். சாமி சொல்லியனுப்பியதால், வேப்பமரத்தடியில் பூவாயியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவள் தாய் தள்ளி நின்றுகொண்டாள்.

"பக்கத்துல உக்காந்தே சொல்லலாமே சாமி?"

"நீ என் மூஞ்சியைப் பாப்பே. பாக்க வேண்டியது அவ மூஞ்சியை."

பூவாயி அவன் கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, சிரட்டையில் மண்ணும் தண்ணீருமாகக் கஞ்சி காய்ச்சினாள்.

"ஏன் இவ்வளவு தண்ணி ஊத்தறே?"

"கேள்வி கேக்காதே" என்றது குழல்.

"சிரட்டையை இப்படித் திருப்பி வை."

"அதிகாரமும் பண்ணாதே."

"பின்னே என்னதான் செய்யறது?"

"அவ செய்றதைப் பாத்து, அதைச் சொல்லு."

வைரப்பன் கனைத்துக்கொண்டான். "பூவாயி... கஞ்சி காய்ச்சறா."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். "உப்பும் போட்டிருக்கேன்."

அன்று சாயங்காலம் மாடுகளிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தானாம்: "உப்பும் போட்டிருக்கா."

ஒரு நாள் சாமி குழலுக்குள் தும்மிவிட்டார். வைரப்பனின் தலைப்பாகை பறந்துபோய் ஆற்றின் அக்கரையில் விழுந்தது. அவன் எதிரில் பூவாயி முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். பனங்கொட்டைதான், நார்தான் தலைமயிர். ஒரு நாள் அந்த மகள் கஞ்சியைக் கவிழ்த்துவிட்டாள். "சனியனே!" என்று அப்பனின் குரலிலேயே அதட்டி, பூவாயி அவளைக் குச்சியால் விளாசினாள்.

வைரப்பன் எழுந்துவிட்டான்.

"உக்காரு."

"பாக்க முடியல சாமி."

"பாரு."

உட்கார்ந்தான். பார்த்தான். மறுநாளும் வந்தான்.

மழைக்காலம் போயிற்று. தூரம் குறைந்து குறைந்து, பூவாயி அவன் முழங்காலில் சாய்ந்துகொண்டே கஞ்சி காய்ச்சும்படி ஆயிற்று. அப்படி ஒரு நாள் சிரட்டை சரிந்து, சேறு முழுக்க அவன் வெள்ளை வேட்டியில் கொட்டியது. பிள்ளை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். அவன் கையும் எழுந்துவிட்டது.

"கையை மண்ணுல ஊனு. மூச்சை விடு" என்றது குழல்.

ஊன்றினான். விட்டான். வியர்த்துக் கொட்டியது.

"கஞ்சி சிந்திருச்சு" என்றான். "துடைச்சுக்கலாம்."

பூவாயி விரலிடுக்கு வழியாக வெகுநேரம் பார்த்தாள்.

சில நாள் கழித்துப் பனங்கொட்டை மறுபடியும் கஞ்சியைக் கவிழ்த்தது. பூவாயி குச்சியை எடுத்தாள். அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"சிந்திருச்சுடி. துடைச்சுக்கலாம்."

பாவாடையால் மகளுக்கு வாய் துடைத்தாள். பிறகு இன்னொரு சிரட்டை நிறைய ஊற்றி அப்பனிடம் நீட்டினாள்.

வைரப்பன் குழலை வாய்க்குக் கொண்டுபோனான்.

"சாமி, என்னை மன்னிச்சுட்டாளா?"

"கஞ்சி ஆறிப்போகுது பாரு" என்றது குழல். "குடி."

இதை யார் சொன்னது என்று எவராவது கேட்டால் வழிப்போக்கன் சொன்னான் என்று மட்டும் சொல்லுங்கள். இதைக் கேட்ட அப்பன்மார் குழல் செய்யப்போய் ஊரில் பப்பாளி மரம் மொட்டையானால் என்னைத்தான் தேடுவார்கள்.